அப்பாவின் படத்தில் ஏன் கொப்புளம்?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மறைந்த அப்பாவின் படத்தை நாலடி உயரத்துக்குப் பெரிதாக்கி, அலுமினியத் தகட்டில் ஒட்டிக் கூடத்தில் மாட்டினார்களாம். பங்குனியில் மாட்டிய படம், சித்திரை முடிவதற்குள் கன்னத்தருகே கொப்புளம் விட்டுவிட்டது. "அவருக்கு ஏதோ மனக்குறை" என்று உறவினர்கள் சொல்ல, பேச்சு பரிகாரம் வரைக்கும் போயிருக்கிறது.

அம்மா, பரிகாரத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். துக்கத்தில் இருப்பவர்களிடம் இப்படிச் சொல்லிப் பயமுறுத்துவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. அந்தக் கொப்புளத்துக்குள் இருப்பது காற்றோ, மையிலிருந்து வந்த ஆவியோதான்.

அந்த அலுமினியத் தகட்டைக் கடைகளில் ஏசிபி ஷீட் என்பார்கள். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகள், நடுவே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக், பெரும்பாலும் மொத்தம் 3 மில்லிமீட்டர் கனம். அச்சான படத்தின் முதுகில் பசை இருக்கும், முகத்தில் லேமினேஷன் படலம். இரண்டு ரப்பர் உருளைகளுக்கு நடுவே தகட்டையும் படத்தையும் சேர்த்து விட்டால் வேலை முடிந்தது. சூடு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், அழுத்தம் மட்டும் போதும்.

அழுத்தினால் ஏன் ஒட்டுகிறது? மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், சரி. ஆனால் அந்த இழுவிசை நானோமீட்டர் நெருக்கத்தில்தான் வேலை செய்யும். பளபளக்கும் தகடும் அந்த அளவில் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். அதனால்தான் இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒட்டுவதில்லை. மேடுகளின் நுனிகள் மட்டும் தொட்டுக்கொள்கின்றன.

பசை அந்தப் பள்ளங்களுக்குள் இறங்க வேண்டும். இறங்குவதற்குத் திரவமாக இருக்க வேண்டும், பிடித்துக்கொள்வதற்குத் திடமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பொருளில் எப்படி? திருவிழாவில் வாங்கிய ஜவ்வு மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக இழுத்தால் நூலாக நீளும், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். பொருள் ஒன்றுதான், நாம் கொடுக்கும் நேரத்தைப் பொறுத்து அது திரவமாகவும் திடமாகவும் நடந்துகொள்கிறது. அக்ரிலிக் பசையின் நீண்ட மூலக்கூறுகளும் அப்படித்தான். ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் அவை, அவகாசம் கொடுத்தால் நழுவிப் பள்ளத்தை நிரப்பும். சட்டென்று இழுத்தால் பின்னல் இறுகிக்கொள்ளும்.

பசை எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும்? அமெரிக்காவின் த்ரீஎம் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் டால்க்விஸ்ட் இதற்கு ஓர் அளவு சொன்னார்: விறைப்பு சுமார் 3 லட்சம் பாஸ்கலை (விறைப்பை அளக்கும் அலகு) தாண்டினால் பசை ஒட்டாது. அலுமினியத்தின் விறைப்பு சுமார் 2,600 கோடி பாஸ்கல்!

உரிக்கும்போது நடப்பது இன்னும் அழகு. ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள், பசை வெள்ளை வெள்ளையாக நூலிழைத்து நிற்கும். நம் கைவலு பெரும்பாலும் அந்த நூல்களை நீட்டுவதிலேயே கரைந்துபோகிறது. வெறும் மூலக்கூறு ஈர்ப்பை முறிக்கத் தேவைப்படுவதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு ஆற்றலை அவை விழுங்கும்.

இந்த மென்மை இன்னொரு விதத்திலும் உதவுகிறது. 20 டிகிரி வெப்பம் ஏறினால் நாலடித் தகடு அரை மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாக நீளும். மேலே உள்ள பிளாஸ்டிக் படலம் வேறு அளவில் நீளும். பசை நடுவில் நெளிந்துகொடுத்து இருவரையும் சமாளிக்கிறது. இறுகிய கோந்தாக இருந்தால் வெடித்துவிடும்.

இனி உங்கள் கொப்புளம். ஒரு மணல் துகளோ விரல் எண்ணெயோ பட்ட இடத்தில் பசை பள்ளத்துக்குள் இறங்காது. அங்கே துளி காற்று தங்கிவிடும். அல்லது மை நன்றாகக் காய்வதற்குள் லேமினேஷன் போட்டிருப்பார்கள், உள்ளே மாட்டிய கரைப்பான் ஆவியாகி வெளியேற வழி தேடும். மேற்கு வெயில் படும் சுவர் என்று எழுதியிருக்கிறீர்கள். 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குப் போனால் காற்று சுமார் 7 சதவீதம் விரியும், அதே சூட்டில் பசையும் இளகும். வெயில் ஏற ஏறக் கொப்புளம் பெருத்தது இதனால்தான்.

புதிதாக ஒட்டச் சொல்லுங்கள். அச்சடித்த பிறகு ஒரு நாளாவது மை காயட்டும். தகட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு அதை யாரும் விரலால் தொடக் கூடாது. ஒட்டியதும் மூன்று நாள் நிழலில் படுக்கவைத்திருங்கள். பசை பள்ளங்களுக்குள் இறங்கி முடிக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். அப்புறம் வெயில் படாத சுவரில் மாட்டி, அப்பாவுக்கு மாலை போடுங்கள்.