அயற்கேடயச் சுரப்பி: 'துணை' எப்படி உள்ளே வந்தது?

கழுத்தில், ஆங்கிலத்தில் parathyroid எனப்படும் சிறு சுரப்பிகளில், மிக அரிதாக வரும் ஒரு புற்றுநோயைத் தமிழில் எழுதுகிறவர்கள் 'துணைத் தைரொயிட் புற்றுநோய்' என்று எழுதுகிறார்கள். அதோடு விடுவதுமில்லை, 'தைரொயிட் புற்றுநோயில் ஒரு வகை' என்று விளக்கமும் சேர்த்துவிடுகிறார்கள். அது தைரொயிட் புற்றுநோயில் ஒரு வகையே அல்ல. பெயரிலே பிழை இருந்தபடியால் விளக்கத்திலும் பிழை வந்து ஒட்டிக்கொண்டது.

சொல்லின் பிறப்பு சின்னக் கதை. கிரேக்கத்தில் 'தைரெயோஸ்' என்றால் பெரிய கேடயம், 'பரா' என்றால் பக்கத்தில். கேடயப் பெயரைத் தைரொயிட் சுரப்பிக்கு 1656இல் இட்டவர் ஆங்கிலேய வைத்தியர் தோமஸ் வாட்டன். அதற்குப் பக்கத்தில் இருந்த சிறு சுரப்பிகளை மனித உடலில் கண்டு 1880இல் எழுதியவர் சுவீடனின் உப்சாலாவில் படித்த ஈவார் சான்ட்ஸ்ட்ரோம். 'கேடயச் சுரப்பிக்குப் பக்கத்தில் இருப்பது' என்பதற்கு மேல் அவர் இட்ட பெயரில் ஒரு பொருளும் இல்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1873இல் ஊர் திரும்பிவிட்டார். இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் இந்தத் தலையிடி எங்களுக்கு மிஞ்சியிராது.

இனித் 'துணை'. துணைவேந்தர், துணைப்படை, வழித்துணை என்று எங்கே வந்தாலும் அது இன்னொருவருக்கு உதவியாக நிற்பதைத்தான் சொல்லும். இந்தச் சுரப்பிகள் தைரொயிட்டுக்கு ஒரு உதவியும் செய்வதில்லை. தைரொயிட் அயடீனை எடுத்து உடலின் வேகத்தை நடத்துகிறது. அதன் பின்பக்கத்தில், அரிசிமணி அளவில், பெரும்பாலும் 4 ஆக இருக்கும் இவை பார்ப்பது இரத்தத்தின் கல்சியத்தை. குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும், சிறுநீரோடு போவதை மறிக்கும். தைரொயிட்டை முழுதாக அகற்றினாலும், இரத்த ஓட்டம் கெடாமல் விட்டால், இவை தம் பாட்டில் வேலை செய்யும். பிறகு என்ன துணை?

தமிழ்நாட்டு நூல்களில் உள்ள 'இணைத் தைராய்டு' சற்றுப் பரவாயில்லை. ஆனால் இணை என்றால் சோடி, அல்லது சமம், இரண்டும் பொருந்தாது. 'பரதைரொயிட்' என்று எழுத்தைப் பெயர்த்தால் பரலோகமும் பரதேசமும் பழகிய காதுக்கு அது வேறெங்கோ இருக்கிற சுரப்பி. 'அயல்' போதும். அயலட்டை என்ற சொல்லை நாளாந்தம் புழங்கும் ஊருக்கு அதை விளக்கவே தேவையில்லை: மதில் ஒன்று, கிணறும் அடுப்பும் வேறு. 'அயற்கேடயச் சுரப்பி' என்று எழுதலாம். கிளினிக்கில் வாயால் சொல்லும்போது 'கல்சியச் சுரப்பி' என்றாலும் எனக்குச் சம்மதம். தூய்மையை விடத் தெளிவு பெரிது.

வைத்தியர் ஆங்கிலத்தில் படிக்கிறார், அவர் குழம்பமாட்டார். குழம்புவது நோயாளியும் வீட்டாரும். 'தைரொயிட்' என்று காதில் விழுந்ததும் கோவா (முட்டைக்கோசு) சாப்பிடுவதை நிறுத்துவார்கள், கதிரியக்க அயடீன் எப்போது தருவார்கள் என்று கேட்பார்கள். இந்தச் சுரப்பியின் கலங்கள் அயடீனை எடுப்பதில்லை, ஆகவே அந்த மருந்து இங்கே பயன்படாது. இன்னொரு பக்கம், இந்தச் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்து இரத்தத்தில் கல்சியம் ஏறுவதால் வரும் களைப்பு, எலும்பு உளைவு, மலச்சிக்கல், மனச்சோர்வு எல்லாவற்றையும் 'மாதவிடாய் நிற்கிற வயசு' என்று தள்ளிவிட்டு, பாமசியில் கல்சியமும் விற்றமின் டியும் வாங்கிப் போடும் பெண்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே ஏறியிருக்கும் கல்சியத்தை அது இன்னும் ஏற்றலாம்.

இந்தச் சுரப்பியில் வரும் சாதாரணக் கட்டி ஆண்களை விடப் பெண்களுக்கே அதிகம். புற்றுநோயோ இருபாலாருக்கும் ஏறக்குறையச் சமம். ஆகவே கல்சியம் கூடிய பெண்ணுக்குப் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் கல்சியம் ஒரு டெசிலீற்றருக்கு 14 மில்லிகிராமைத் தாண்டி, இந்தச் சுரப்பி சுரக்கும் பி.ரி.எச். ஓமோன் வழமையான மேல் எல்லையின் 3 முதல் 10 மடங்கு வரை ஏறி, கழுத்தில் கைக்குத் தட்டுப்படும் கட்டியும் இருந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும். குரல் கம்மினாலும், சிறுநீரகக் கல்லும் எலும்பு நோயும் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான். தைரொயிட் கட்டிக்குச் செய்வதுபோல ஊசி குத்திப் பார்ப்பதை இங்கே தவிர்ப்பார்கள்: ஊசி போன வழியில் கலங்கள் விதைபடலாம், எடுத்த கலங்களும் தெளிவான விடை தருவதில்லை.

சிகிச்சை சத்திரசிகிச்சைதான். முன்னதாகச் சேலைன் ஏற்றி, தேவைப்பட்டால் சோலெட்ரோனிக் அமிலமோ சினகல்செற்றோ கொடுத்துக் கல்சியத்தை இறக்குவார்கள். கட்டியின் உறை கிழியாமல், அதே பக்கத் தைரொயிட் மடலோடு சேர்த்து ஒரே துண்டாக எடுப்பார்கள். உறை கிழிந்தால் கழுத்திலேயே திரும்ப முளைக்கலாம். கீமோ பெரிதாக உதவுவதில்லை.

சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் ஒன்றுக்கு ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து 'எலும்புப் பசி' எனலாம். அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. இவ்வளவு காலமும் கல்சியத்தை இழந்த எலும்பு ஒரேயடியாக இரத்தத்திலிருந்து இழுக்கத் தொடங்கும். உதட்டைச் சுற்றி விறைக்கும், விரல் நுனி கூசும், தசை பிடிக்கும். தாதியிடம் உடனே சொல்லவேண்டும், நாளம் வழியாகக் கல்சியம் ஏற்றவேண்டி வரலாம். வீடு திரும்பிய பிறகும் கல்சியத்தையும் பி.ரி.எச்.ஐயும் ஆயுள் முழுக்கப் பார்க்கவேண்டும். பல வருடம் கழித்தும் இந்தப் புற்றுநோய் திரும்பி வரலாம்.