"செத்து அந்த கேமுக்குள்ள பொறக்கணும்" என்று பிள்ளை சொன்னால்

வளரிளம் பருவத்தினருக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. "எந்நேரமும் கேம், அதை விட்டால் கேம் உலகத்துக்குள் போய் மாட்டிக்கொள்கிற கதைகள்" என்று பெற்றோர் வந்து நிற்பார்கள். அந்தக் கதைகளை நான் குறை சொல்வதில்லை. பிள்ளைக்கு அதில் எது பிடித்திருக்கிறது என்று கேட்டாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். முக்கியமாக இரண்டைக் கவனிப்பேன்: உள்ளே போகிறவர் யாராக மாறுகிறார், வெளியே வர வழி இருக்கிறதா?

2017இல் வந்த ஜுமான்ஜி படத்தில் பயந்தாங்கொள்ளிப் பையன் ஒருவன் பலசாலியின் உடம்புக்குள் போய் விழுகிறான். ஆளுக்கு மூன்று உயிர். ஆட்டத்தை முடித்துத் திரும்பும்போது உடம்பு பழையதுதான், கொஞ்சம் தைரியம் கூடவே வந்துவிடுகிறது. நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியதுதான். மெய்நிகர் உலகில் உயரமான உருவம் கிடைத்தவர்கள் பேரத்தில் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கவில்லை.

'ஸ்வார்ட் ஆர்ட் ஆன்லைன்' கதையில் பத்தாயிரம் பேர் உள்ளே மாட்டுகிறார்கள். லாக் அவுட் பொத்தானே இல்லை. அங்கே செத்தால் இங்கேயும் சாவு. கேட்கவே பயமாக இருக்கும். ஆனாலும் அவர்கள் போராடுவது வெளியே வரத்தான்.

இன்னொரு வகையும் உண்டு. இங்கே இறந்தவர் அங்கே புதிதாகப் பிறப்பார். திரும்பி வருகிற பேச்சே பல கதைகளில் இருக்காது. பெரும்பாலான பிள்ளைகள் ரசித்துப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எல்லோரும் அப்படியில்லை.

பதினான்கு வயதுப் பையன் ஒருவன் வந்தான். கேமில் அவன் ஹீலர், அடிபட்டவர்களைக் காப்பாற்றுகிறவன். "ஒரு நிமிஷம் லேட்டானாலும் எல்லாரும் என்னைத் தேடுவாங்க மேடம்" என்றான். பள்ளியில்? நகத்தைப் பார்த்துக்கொண்டே, "நான் வரலைன்னாகூட யாருக்கும் தெரியாது" என்றான். அப்புறம் மெதுவாக, "அந்தக் கதையில மாதிரி செத்து அங்க பொறக்கணும்."

இப்படி ஒரு வார்த்தை வந்தால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. நான் கேட்டேன். "சில நாள்" என்றான். அவனைத் தனியாக விடாமல் பெற்றோரை அழைத்து, அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்பினேன்.

அதுவரை வீட்டில் செய்த ஒரே வைத்தியம் போனைப் பிடுங்குவது. அவனைத் தேடுகிற ஒரே கூட்டமும் அதோடு போய்விட்டது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

கேம் பிடித்திருப்பதே நோய் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், கேமிங் கோளாறு இருக்கிறது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட கேமே முக்கியமாகிப்போவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது ஆகியவற்றைப் பார்க்கிறார்கள், அதுவும் பொதுவாக 12 மாதமாவது நீடித்திருந்தால். எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.

சில வாரம் கழித்து அப்பாவும் மகனும் சேர்ந்து வந்தார்கள். என் முன்னால்தான் அப்பா முதல்முறையாகக் கேட்டார்: "ஹீலர்னா என்னப்பா பண்ணணும்?" பையன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். அன்று எனக்குப் பேச நேரமே கிடைக்கவில்லை.