எமோஷனல் இன்டெலிஜென்ஸ்: திறனா, பண்பா?

எமோஷனல் இன்டெலிஜென்ஸ் என்பதைத் தமிழில் உணர்வுசார் நுண்ணறிவு என்றும் மனவெழுச்சி நுண்ணறிவு என்றும் எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. எமோஷன் என்பதன் லத்தீன் வேரான 'எமொவேரே'வுக்குக் கிளப்பி வெளியேற்றுவது என்று பொருள். 'எழுச்சி'யில் அந்த அசைவு இருக்கிறது.

சிக்கல் 'நுண்ணறிவு' என்ற பாதியில்தான். 1990-ல் உளவியலாளர்கள் பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும் இதைத் திறனாகவே வரையறுத்தார்கள்: தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் பிரித்தறிந்து, அதன்படி யோசித்து நடந்துகொள்ளும் திறன். 1995-ல் வந்த டேனியல் கோல்மனின் நூல் சொல்லை உலகெங்கும் கொண்டுபோனது. அப்புறம் லண்டனில் பெட்ரைட்ஸ், ஃபர்ன்ஹாம் என்ற உளவியலாளர்கள் ஒரு கோடு கிழித்தார்கள். தேர்வு வைத்து அளப்பது திறன். ஆளிடமே கேட்டு அளப்பது ஆளுமைப் பண்பு.

மேயர் குழுவின் தேர்வில் ஒரு முகத்தின் படத்தைக் காட்டி, அதில் எந்த உணர்ச்சி எவ்வளவு தெரிகிறது என்று கேட்பார்கள். விடை பலரது தீர்ப்போடோ வல்லுநர் தீர்ப்போடோ ஒத்துப்போனால் மதிப்பெண் கூடும். பெட்ரைட்ஸின் வினாத்தாளில் அப்படிச் சரி, தப்பு கிடையாது. 'என் உணர்ச்சிகளைச் சொற்களில் சொல்வது எனக்குச் சிரமமில்லை' என்பதுபோல 153 வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஏற்கிறோம் என்று 1 முதல் 7 வரை குறிக்க வேண்டும். 15 கூறுகளாக விடைகளைத் தொகுப்பார்கள். நல்வாழ்வுணர்வு, தன்கட்டுப்பாடு, உணர்ச்சித்தன்மை, பிறரோடு பழகும் தன்மை என்ற நான்கு காரணிகளுக்குள் அவற்றில் 13 அடங்கிவிடும். 30 வாக்கியங்களில் சுருக்க வடிவமும் உண்டு.

பிறர் மனதை நன்றாகப் படிப்பேன் என்று 7 போட்டவர், முகப் படங்களில் தடுமாறலாம். இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையே ஒட்டுறவு குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பது படிப்பவரைக் குழப்பும். வள்ளுவரின் குறிப்பறிதல் திறன் பக்கம் சேரும், அதுவும் பிறரை அறியும் பகுதி மட்டும். வினாத்தாள் அளப்பதை மனவெழுச்சிசார் ஆளுமைப் பண்பு என்று எழுதலாம். பெட்ரைட்ஸே அதற்கு வைத்த மாற்றுப் பெயர் 'உணர்ச்சிகளைக் கையாள்வதில் தன் திறன்மீதுள்ள நம்பிக்கை' என்ற பொருளில்தான் அமைந்திருக்கிறது.

ஈக்யூ (எமோஷனல் கோஷன்ட்) என்பதை 'ஈவு', அதாவது வகுத்தால் கிடைக்கும் எண், என்ற சொல் சேர்த்து எழுதுவதையும் விட்டுவிடலாம். 1912-ல் வில்லியம் ஸ்டெர்ன் மன வயதை உண்மை வயதால் வகுத்ததால் ஐக்யூவுக்கு அந்தச் சொல் பொருந்தியது. இங்கே வகுக்க எதுவும் இல்லை. மதிப்பெண் என்றாலே போதும்.