பாப்புலிசம்: ‘ஜனரஞ்சகம்’ இல்லை, மக்கள்வாதம்

‘ஜனரஞ்சக அரசுகளின் பிடியில் நீதித்துறை’ என்று ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரைக்குத் தலைப்பு. படித்த நண்பர் கேட்டார்: “ஜனங்களைச் சந்தோஷப்படுத்துறவங்களுக்கும் ஜட்ஜுக்கும் என்ன சண்டை?” நியாயமான கேள்வி. தப்பு அவர்மேல் இல்லை, ‘பாப்புலிஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக வைத்த ‘ஜனரஞ்சக’ என்ற சொல்மேல்.

பாப்புலிசத்துக்கு வேர், மக்களைக் குறிக்கும் ‘பாப்புலஸ்’ என்ற லத்தீன் சொல். 1892இல் அமெரிக்காவில் உருவான மக்கள் கட்சியினரைப் ‘பாப்புலிஸ்ட்’ என்றார்கள். வேர்க்கதை இவ்வளவு போதும்.

ரஞ்சகம் என்றால் மகிழ்விப்பது. மனோரஞ்சிதத்தில் இருப்பதும் அதே வேர்தான். ஜனரஞ்சகப் பத்திரிகை, ஜனரஞ்சகப் படம் என்றால் சரி. அது ‘பாப்புலர்’ என்பதற்கான சொல். பாப்புலரையும் பாப்புலிஸ்டையும் ஒன்றாக்கியதில்தான் கோளாறு. பாப்புலிஸ்ட் தலைவர் மக்களை மகிழ்விக்கலாம், வாட்டவும் செய்யலாம். “மக்களுக்கு ஒரே குரல், அது என் குரல், என்னைத் தடுப்பவர் மக்களின் விரோதி” என்பதே அவர் பேச்சின் அச்சாணி. ஓட்டு வாங்காமல் பதவியில் இருந்துகொண்டு ‘சட்டம் இடம் தராது’ என்று சொல்லும் நீதிபதி அவருக்கு உறுத்தாமல் இருப்பாரா?

2016 நவம்பரில், பிரெக்சிட்டை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறுவதைத் தொடங்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுநாள் ஒரு நாளிதழ் மூன்று நீதிபதிகளின் படங்களையும் முதல் பக்கத்தில் போட்டு ‘மக்களின் எதிரிகள்’ என்று தலைப்பிட்டது. 2018இல் போலந்து அரசு, உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 65ஆகக் குறைத்து, பதவியில் இருந்தவர்களையே வெளியேற்றப் பார்த்தது. இதில் எங்கே இருக்கிறது ரஞ்சகம்?

‘மக்கள்வாதம்’ என்பதே என் தேர்வு. நல்ல கொள்கைபோலத் தொனிக்கிறதே என்பார்கள். ‘இனம்’ என்பது கெட்ட சொல்லா? ‘இனவாதம்’ என்றதும் எச்சரிக்கை ஆகிறோம் இல்லையா? மதம், மதவாதமும் அப்படித்தான். தனித்தமிழ் அன்பர்கள் சொல்லும் ‘மக்களியம்’ எனக்கும் காதுக்கு இனிமைதான். ஆனால் பெண்ணியம்போல அது கண்ணியமான கொள்கையாகிவிடுகிறது, எச்சரிக்கை தொலைந்துபோகிறது. இந்த ஓரிடத்தில் தூய்மையைவிடத் தெளிவே எனக்குப் பெரிது.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ட சொல்லை அப்படியே எடுத்து வைக்கிறார்கள். அதைக் கட்டுரையின் அடுத்த வரியோடு சேர்த்து ஒருமுறை வாசித்தாலே இடறியிருக்கும். ‘மக்கள்வாத அரசுகளின் பிடியில் நீதித்துறை’ என்றிருந்தால் நண்பர் வேறு கேள்வி கேட்டிருப்பார்.