பயோமார்க்கர் ‘அறிகுறி’ அல்ல, உயிர்க்குறிப்பான்

‘கழுத்துத் தமனி அடைப்பின் அறிகுறிகளை இரத்தத்திலேயே கண்டறியலாம்’ என்ற வகை வாக்கியம் மருத்துவக் கட்டுரைகளில் ஓயாமல் வருகிறது. பயோமார்க்கர் என்பதைத்தான் அப்படிப் பெயர்க்கிறார்கள். வேறு எந்த நோயில் பொறுத்தாலும் இந்த நோயில் அதைப் பொறுக்க முடியாது.

‘பயோஸ்’ கிரேக்கத்தில் உயிர்வாழ்வு. ‘மார்க்கர்’ அடையாளம் காட்டுவது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 1998இல் அமைத்த குழுவின் வரையறை 2001இல் வெளியானது: உடலின் இயல்பான இயக்கத்தையோ நோயின் போக்கையோ சிகிச்சைக்கு உடல் காட்டும் மாற்றத்தையோ சுட்டும், புறவயமாக அளக்கத்தக்க பண்பு. அளக்கத்தக்கது என்பதுதான் இதில் உயிர்நாடி.

அறிகுறி அப்படியல்ல, நோயாளி உணர்ந்து சொல்வது. கரோட்டிட் எனும் கழுத்துத் தமனியின் அடைப்பில் மருத்துவர் முதலில் கேட்பதே அதைத்தான். கடந்த 6 மாதத்தில் ஒரு பக்கக் கைகால் திடீரெனத் தளர்ந்ததா, பேச்சு குழறியதா, ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போல் பார்வை மறைந்து திரும்பியதா? அந்தத் தமனி ஊட்டும் பகுதியில் இப்படி நேர்ந்திருந்தால் அது ‘அறிகுறியுள்ள அடைப்பு’. தமனி 70 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியிருந்தால், உடல்நிலை இடங்கொடுக்கும்போது 2 வாரத்துக்குள் உட்சுவரில் சேர்ந்த கொழுப்புப் படிவை அகற்றும் அறுவையைப் பரிந்துரைப்பார்கள். அறிகுறியற்ற அடைப்புக்குக் கணக்கே வேறு. பலருக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தும் இரத்த அழுத்தக் கட்டுப்பாடும் புகையை விடுவதும்தான் சிகிச்சை. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற குறிப்பான் இரத்தத்தில் சற்றுக் கூடியவரிடம் ‘இரத்தத்தில் அறிகுறி இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தால், எந்த உபாதையும் இல்லாதவர் தம்மை முதல் வகையில் வைத்து மிரண்டுபோவார்.

சி.ஆர்.பி. கல்லீரல் சுரக்கும் புரதம். நுண்ணளவுப் பரிசோதனையில் லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழ் இதய, இரத்தக்குழாய் நோய்க்கான குறைந்த இடர், 3க்கு மேல் கூடுதல் இடர். 10ஐத் தாண்டினால் தொற்றோ வேறு அழற்சியோ உண்டா என்று பார்த்து, 2 வாரம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். கழுத்தில்தான் கோளாறு என்று அது ஒருபோதும் சொல்லாது. அறுவை வேண்டுமா என்பதை இரத்தக் குறிப்பானை மட்டும் வைத்து எவரும் முடிவு செய்வதில்லை.

‘உயிர்க்குறி’ என்ற சுருக்கமும் ஆகாது. நாடி, சுவாசம், வெப்பநிலை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அந்தச் சொல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. ‘உயிர்க்குறியீடு’ இன்னும் மோசம். அஞ்சல் குறியீடு போலக் குறியீடு என்பது மனிதர் கூடி வகுத்துக்கொள்வது. புரதத்தின் அளவு யாரும் வகுத்ததன்று. ‘உயிர்க்குறிப்பான்’ என்றால் குறித்துக் காட்டுவது என்ற பொருள் நேரே விளங்கும், வேறெதோடும் மோதாது.

சொல்லில் காட்டாத கவனத்தை மொழிபெயர்ப்பாளர்கள் இரத்த மாதிரியின் பெயரிலும் காட்டுவதில்லை. இரத்தம் உறைந்தபின் பிரியும் சீரத்தையும் உறையவிடாமல் பிரித்தெடுக்கும் பிளாஸ்மாவையும் ‘குருதிநீர்’ என்று ஒன்றாக்கிவிடுகிறார்கள். படிவின் மேல்மூடியைத் தாங்கும் கொலாஜனை அரிக்கும் எம்.எம்.பி-9 நொதியை அளக்கும்போது இது பெரும்பிழை. இரத்தம் உறையும்போது வெள்ளணுக்களும் தட்டணுக்களும் அந்த நொதியை வெளிவிடுவதால் சீரத்தில் அளவு பொய்யாக ஏறும். உறைவதைத் தடுக்கும் சிட்ரேட் குழாயில் எடுத்து, தாமதிக்காமல் சுழற்றிப் பிரித்த பிளாஸ்மாவில்தான் அளக்க வேண்டும்.