யன்னலில் ஈரமா? சிலிக்கனை எடுக்க முதல் விரலால் துடைத்துப் பாருங்கள்

ஒக்டோபர் பிறந்து வீடுகளில் ஹீற்றிங் போடத் தொடங்கினால், லண்டனில் யன்னல் வேலை செய்பவர்களுக்கு ஒரே மாதிரியான அழைப்புகள்தான் வரும். “அண்ணை, காலமை எழும்பிப் பார்த்தா யன்னல் முழுக்கத் தண்ணி வழியுது. டபிள் கிளேசிங் பழுதாப் போச்சு. முழுசா மாத்த எவ்வளவு வரும்?” போய்ப் பார்த்தால் யன்னலில் ஒரு பிழையும் இருக்காது. அல்லது, நல்லாயிருந்த யன்னலுக்கு யாரோ வெளிப்பக்கம் நான்கு ஓரமும் இடுக்கு அடைக்கும் சிலிக்கன் பசை பூசி, இனித்தான் அது உண்மையாகப் பழுதாகப் போகிறது என்ற நிலையில் நிற்கும். ஈஸ்ற்ஹாம், ஹரோ, ரூற்றிங் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கதை. இந்தக் குளிருக்கும் அப்படியொரு வீடு. ஆகவே இதை விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: ஈரம் எந்தப் பக்கம்? அறைப் பக்கமா, தெருப் பக்கமா, டபிள் கிளேசிங்கின் இரண்டு கண்ணாடிக்கும் நடுவிலா? விரலால் துடைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் யாரிடமும் விலை கேட்காதீர்கள்.

அறைப் பக்கம் துடைத்து விரல் நனைந்தால் யன்னல் பழுதில்லை. உங்கள் வீட்டுக் காற்றில் ஈரம் கூடிவிட்டது, அவ்வளவுதான். நம்பாதவர்களுக்குக் கணக்கு இதோ. அறை 20 பாகை, ஈரப்பதம் 60 வீதம் என்றால், 12 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் படியும். ஈரப்பதம் 70 வீதமானால் 14 பாகையில் இருக்கும் பரப்பிலேயே படியத் தொடங்கும். வெளியே 0 பாகை இருக்கும் இரவில், ஒற்றைக் கண்ணாடியின் உட்பக்கம் ஏறத்தாழ 5 பாகை. பூச்சு இல்லாத பழைய டபிள் கிளேசிங் 12, 13 பாகை. வெப்பத்தை உள்ளேயே திருப்பும் லோ-இ பூச்சும், இடைவெளியில் ஆர்கன் வாயுவும் உள்ள புதியது 17 பாகை வரை இருக்கும். கண்ணாடியின் ஓரம் நடுவைவிட இன்னும் குளிரும், ஏனெனில் அங்கே இரண்டு கண்ணாடிக்கும் இடையில் அலுமினியப் பட்டை இருக்கிறது. பழைய யன்னலின் கீழோரத்தில் காலையில் ஈரம் நிற்பதற்கு இதற்குமேல் காரணம் தேவையில்லை.

“அப்ப புதுசு போட்டால் ஈரம் வராதுதானே?” என்று அடுத்த கேள்வி வரும். கண்ணாடியில் வராது. ஆனால் புது யன்னல் இறுக்கமாக மூடும். பழைய இடுக்குகளால் வெளியேறிக் கொண்டிருந்த ஈரக்காற்றும் உள்ளேயே நிற்கும். கண்ணாடி சூடாகிவிட்டதால் அடுத்த குளிர்ந்த இடத்தைத் தேடிப் போகும்: அலுமாரிக்குப் பின்னாலுள்ள வெளிச்சுவர், கூரையின் மூலை. ஆயிரக்கணக்கில் பவுண் கொடுத்து யன்னல் மாற்றி, அடுத்த குளிரில் சுவரில் கறுப்புப் பூஞ்சணம் பார்ப்பவர்கள் பலர்.

ஈரம் எங்கேயிருந்து வருகிறது? ஒருமுறை தோய்த்த உடுப்பை ரேடியேற்றரில் காயப்போட்டால் 2 லீற்றர் வரை தண்ணீர் காற்றில் கலக்கிறது. குசினியில் புட்டு அவியும்போதும், மூடியில்லாமல் சோறு கொதிக்கும்போதும் விசிறி போடுவதில்லை. குளியலறை விசிறி சத்தம் போடுகிறது என்று அதன் சுவிட்சையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யன்னலின் மேல் ஓரத்தில் இருக்கும் சிறிய காற்றுத் துளைக்கு ட்ரிக்கிள் வென்ற் என்று பெயர். குளிர் வருகிறது என்று அதற்கு டேப் ஒட்டுகிறார்கள். தயவுசெய்து அந்த டேப்பை இன்றைக்கே கழற்றுங்கள். பத்துப் பவுணுக்குள் ஈரப்பதமானி கிடைக்கும். ஒன்றை வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். அது 60க்கு மேலே நிற்கும்வரை யன்னல்காரரைக் கூப்பிட்டுப் பயனில்லை.

தெருப் பக்கம் ஈரம் என்றால் சந்தோஷப்படுங்கள். வெப்பம் வெளியே கசியாததால் வெளிக்கண்ணாடி இரவில் நன்றாகக் குளிர்ந்து பனி படிகிறது. வெயில் ஏறினால் போய்விடும். இதற்காகப் புது யன்னல் போட்ட கொம்பனியோடு சண்டை பிடிக்காதீர்கள்.

நடுவில் பனிமூட்டம், துளி, வெள்ளைப் படலம் தெரிந்தால், எந்தப் பக்கம் துடைத்தும் போகாவிட்டால், அப்போதுதான் கண்ணாடி யூனிற், அதாவது ஓரம் சீல் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி, பழுது. ஓரத்துச் சீல் விட்டுப்போய், உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகள் இனி உறிஞ்ச முடியாதபடி ஈரத்தால் நிறைந்துவிட்டன. இப்போதும் யன்னலை மாற்றத் தேவையில்லை! பிரேம் வளையாமல், வெடிக்காமல், பூட்டு வேலை செய்தால் கண்ணாடி யூனிற் மட்டும் மாற்றினால் போதும். அது முழு யன்னல் விலையில் ஒரு சிறு பங்குதான். விற்பனைக்கு வருபவர் இதைச் சொல்லமாட்டார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முழு யன்னல் மாற்றினால் 2002 ஏப்ரலிலிருந்து ஃபென்சா போன்ற யன்னல் பொருத்துபவர்களுக்கான திட்டத்தில் பதிவுள்ளவர் செய்ய வேண்டும், அல்லது கவுன்சிலின் கட்டட அனுமதி எடுக்க வேண்டும். கண்ணாடி மட்டும் மாற்ற அது தேவையில்லை.

கண்ணாடியில் சிறு ஓட்டை போட்டுக் காயவைத்து மூடித்தருகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். பனிமூட்டம் கொஞ்சநாள் போகும். விட்டுப்போன சீல் அப்படியேதான் இருக்கும், வாயுவும் திரும்பி வராது. அந்தக் காசைப் புது யூனிற்றுக்குப் போடுங்கள்.

சீல் ஏன் விட்டுப்போகிறது? வயது ஒரு காரணம். மற்றது, கண்ணாடியின் அடிப்பகுதி தண்ணீரில் ஊறுவது. பிளாஸ்டிக் யன்னலின் பிரேமுக்குள் மழைத்தண்ணீர் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். இறங்கிய தண்ணீர் வெளியேற, கீழ்ப்பக்கம் வெளியே சிறிய நீள்துளைகள் உண்டு. சிலந்திவலையும் பாசியும் அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கும். “காத்து வருது” என்று இந்தத் துளைகளைத்தான் சிலிக்கனால் மூடுகிறார்கள். வினிகர் மணக்கும் மலிவுச் சிலிக்கன் என்றால் அதன் அமிலமும் யூனிற்றின் சீலைக் கெடுக்கும். வருடத்துக்கு ஒருமுறை மெல்லிய கம்பியால் துளைகளைத் துப்பரவாக்கி, உள்பள்ளத்தில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி வெளியே வருகிறதா என்று பாருங்கள். சிலிக்கனுக்கு இடம் பிரேமுக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்கு மட்டும், அதுவும் மணமில்லாத நியூற்றல் வகை.

இனி, கண்ணாடியை நீங்களே மாற்றுவதென்றால். முதலில் எடையைக் கணக்கிடுங்கள். 4 மி.மீ. கண்ணாடி இரண்டு சேர்ந்தால் சதுர மீற்றருக்கு 20 கிலோ. கீழ்மாடியில், அறைப் பக்கம் பீடிங் (கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் பட்டை) உள்ள சிறிய யன்னல் என்றால் கையுறையும் கண்ணுக்குக் கவசமும் போட்டுக்கொண்டு இரண்டு பேர் செய்யலாம். மேல்மாடியில் வெளிப்பக்கம் பீடிங் என்றால் ஏணியில் நின்று செய்யாதீர்கள். ஆளைக் கூப்பிடுங்கள்.

அளவு எடுப்பதில்தான் கூடப் பிழை நடக்கிறது. வெளியே தெரியும் கண்ணாடியை அளந்து கடைக்கு அனுப்பக்கூடாது. பீடிங்கைக் கழற்றி, பழைய யூனிற்றையே ஓரத்திலிருந்து ஓரம் அளவெடுங்கள். அகலம் முதலில், உயரம் பிறகு. கடைக்காரர் அந்த ஒழுங்கில்தான் வாசிப்பார். தடிப்பையும் அளவெடுங்கள்: 28 மி.மீ. என்றால் 4-20-4 (கண்ணாடி, இடைவெளி, கண்ணாடி), 24 என்றால் 4-16-4, பழைய வீடுகளில் 20ம் உண்டு. தடிப்பு பிழைத்தால் பீடிங் ஏறாது, அல்லது கண்ணாடி ஆடும். மூலையில் முத்திரை பொறித்திருந்தால் அது கடினப்படுத்திய பாதுகாப்புக் கண்ணாடி, அதே வகையைத்தான் கேட்க வேண்டும். முத்திரை இல்லாவிட்டாலும், நிலத்திலிருந்து 800 மி.மீ.க்குக் கீழே வரும் யன்னல், கதவுக்கண்ணாடியில் 1500 மி.மீ. உயரம் வரை, கதவோரத்திலிருந்து 300 மி.மீ.க்குள் வரும் பக்கக் கண்ணாடி ஆகியவற்றுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியே போடுங்கள். பின்னால் வெட்டிச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். அது வெட்டுப்படாது, தூள்தூளாகும்.

பீடிங்கைக் கழற்ற, மிக நீளமானதன் நடுவில் தட்டையான தகட்டைச் செருகி மெல்ல நெம்புங்கள். மூலையில் தொடங்கினால் நுனி உடையும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மேல், கீழ், இடம், வலம் என்று எழுதுங்கள். கண்ணாடியை எடுக்கும்போது அடியில் முட்டுக்கொடுக்கும் பிளாஸ்டிக் துண்டுகளான பேக்கர்களை வீசிவிடாமல், எந்த இடத்தில் எந்தத் தடிப்பு இருந்தது என்று படம் எடுத்து வையுங்கள். பக்கவாட்டில் திறக்கும் யன்னலுக்கு இவை உயிர்நாடி: பிணைச்சல் பக்கம் கீழ்மூலையில் ஒன்று, கைபிடிப் பக்கம் மேல்மூலையில் ஒன்று. கண்ணாடி குறுக்கே முட்டுக்கொடுத்துச் சாஷை, அதாவது திறந்து மூடும் சட்டத்தை, தூக்கிப் பிடிக்கிறது. பேக்கர் இல்லாமல் வைத்தால் சில மாதத்தில் சாஷ் தொங்கி, கீழே பிரேமில் உரசும். வடிகால் துளையை மூடும்படியும் பேக்கர் வைக்காதீர்கள்.

புது யூனிற்றில் உள்பக்கம் எது என்று ஸ்ரிக்கர் இருக்கும். ஸ்ரிக்கர் இல்லையா? லைற்றரைக் கண்ணாடிக்கு முன்னால் பிடியுங்கள். நான்கு சுடர் தெரியும், அதில் ஒன்று வேறு நிறம். அதுதான் பூச்சு. அறைக்குள் நின்று பார்க்கும்போது உங்களிடமிருந்து இரண்டாவதாக வந்தால் சரி. பீடிங்கைத் திரும்பப் போடும்போது குட்டையானவை முதலில், நீளமானவை பிறகு, லேசாக வளைத்து றப்பர் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள்.

காற்று வந்தால் பெரும்பாலும் காரணம் கஸ்கற், அதாவது சுற்றிவரும் கறுப்பு றப்பர். மூலையில் சுருங்கி இடைவெளி விட்டிருக்கும். பழையதில் இரண்டு அங்குலம் வெட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள். அதன் வெட்டுமுகத்தைப் பார்த்துத்தான் பொருத்தமானதைத் தருவார்கள். இழுத்துப் போடக்கூடாது. இழுத்த றப்பர் திரும்பச் சுருங்கும். சற்றுக் கூடுதலாக விட்டு, பொருத்தை மேல் நடுவில் வையுங்கள்.

கஸ்கற் நல்லதாயிருந்தும் காற்று வந்தால் பிணைச்சல் தேய்ந்திருக்கும். அதைச் சோடியாக மாற்றுங்கள். தண்டவாளத்தின் நீளமும், 13 மி.மீ.யா 17 மி.மீ.யா என்ற உயரமும், பக்கவாட்டில் திறப்பதா மேலே தொங்குவதா என்பதும் தெரிந்தால் கடையில் கிடைக்கும். ஸ்ரெயின்லெஸ் ஸ்குரூ பாவியுங்கள். டபிள்யூ.டி.-40 அடித்துவிட்டு “எண்ணெய் போட்டேன்” என்று சொல்லாதீர்கள், அது சில கிழமையில் காய்ந்துபோகும். மெல்லிய மெசின் எண்ணெய் இரண்டு துளி போதும்.

கைபிடி சும்மா சுற்றினால் இரண்டு இடத்தில் பிழை இருக்கலாம். மூடியைத் தூக்கி இரண்டு ஸ்குரூவைக் கழற்றி, 7 மி.மீ. சதுரக் கம்பி தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் கைபிடி மட்டும் வாங்கலாம், கம்பி நீளம் பழையதைப் போலவே இருக்க வேண்டும். கம்பி நல்லதென்றால் உள்ளே இருக்கும் எஸ்பேக் பூட்டின், அதாவது கைபிடியைத் திருப்ப யன்னலோரத்தில் பூட்டும் நீளத் தகட்டின், பெட்டி உடைந்துவிட்டது. அதற்கு முகத்தகட்டிலிருந்து கம்பித்துளையின் நடு வரையுள்ள தூரம் வேண்டும், பெரும்பாலும் 20 அல்லது 22 மி.மீ. வாடகை வீடென்றால் இதற்கெல்லாம் உங்கள் காசைச் செலவழிக்காதீர்கள். இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி யன்னல் திருத்துவது வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. படம் எடுத்து மின்னஞ்சலில் எழுதிவையுங்கள்.

பூட்டு உடைந்த யன்னலை நீள ஸ்குரூ அடித்து நிரந்தரமாக மூடுவதைத்தான் பார்க்கவே முடியவில்லை. கள்ளன் பயம், காற்று, சின்னப்பிள்ளை என்று ஏதோ காரணம் சொல்வார்கள். மேல்மாடிப் படுக்கையறையில் தீ வந்தால் வெளியேற அந்த யன்னல்தான் வழி. அதனால்தான் தப்பிக்கும் யன்னலைத் திறந்தால் கிடைக்கும் வெளி குறைந்தது 0.33 சதுர மீற்றர், அகலமும் உயரமும் 450 மி.மீ.க்குக் குறையாமல், அடி நிலத்திலிருந்து 1100 மி.மீ.க்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பிள்ளை விழுந்துவிடும் என்று பயமானால், பெரியவர் கையால் உடனே விடுவிக்கக்கூடிய தடுப்பை வாங்கிப் பூட்டுங்கள். கட்டிலையும் மேசையையும் யன்னலடியில் போடாதீர்கள். கைபிடிக்குத் திறப்பு (சாவி) இருந்தால் அலுமாரிக்குள் ஒளிக்காமல், பக்கத்துச் சுவரில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள். அம்மம்மாவுக்கும் அது எங்கே என்று காட்டி வையுங்கள்.