சாக்லேட் தின்ற நாயை ஏன் மணிக்கொரு தடவை வெளியே கூட்டிப்போகிறார்கள்?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அக்டோபர் 31, ஹாலோவீன் இரவு, பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் வாங்கி வந்த மிட்டாய்ப் பையில் தலையை விட்டு, அவர்களுடைய 30 கிலோ லாப்ரடார் இரண்டு சின்ன மில்க் சாக்லேட்டை உறையோடு விழுங்கிவிட்டது. பதறிப்போய் கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்தால், 'என்ன சாக்லேட், நாய் எத்தனை கிலோ' என்று மட்டும் கேட்டுவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்றார்களாம். சாக்லேட் தின்ற பக்கத்து வீட்டு நாய்க்கோ ராத்திரி முழுக்க சிகிச்சை, அதோடு அடிக்கடி வெளியே கூட்டிப்போய் சிறுநீர் கழிக்க வைத்தார்களாம். சாக்லேட்டுக்கும் சிறுநீருக்கும் என்ன சம்பந்தம் என்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்த சம்பந்தம் இது.

வில்லன், சாக்லேட்டில் இருக்கும் தியோபுரோமின் என்ற வேதிப்பொருள். பெயரில்தான் புரோமின் என்ற தனிமம், பொருளில் ஒரு அணுகூடக் கிடையாது. கொக்கோ மரத்துக்கு 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் சூட்டிய 'தியோபுரோமா', அதாவது தெய்வங்களின் உணவு, என்ற பெயரிலிருந்து வந்தது. காபியில் உள்ள கஃபீனுக்கு நெருங்கிய சொந்தம். உடம்பை 'போதும், அடங்கு' என்று ஆற்றும் அடினோசின் என்ற வேதிப்பொருளின் நாற்காலியில் இது போய் உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்காது. அதனால்தான் நாய் நிலைகொள்ளாமல் அலைகிறது, இதயம் படபடக்கிறது, அளவு மீறினால் வலிப்பு வருகிறது.

இதெல்லாம் நமக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் நம் கல்லீரல் சில மணி நேரத்தில் பாதியைக் கழித்துவிடும். நாய்க்கு அதற்கே சுமார் 17½ மணி நேரம் ஆகும். அக்டோபர் 31 இரவு 8 மணிக்கு ரத்தத்தில் ஏறியது என்று வையுங்கள்: மறுநாள் மதியம் ஒன்றரைக்கும் பாதி பாக்கி, நவம்பர் 2 காலை 7 மணிக்கும் கால்வாசி பாக்கி.

இதில் ஒரு வேடிக்கை, கழிந்ததும் கழிந்தபடி இருப்பதில்லை. கல்லீரல் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்குத் தள்ளினால், குடல் அதை உறிஞ்சி மறுபடி ரத்தத்துக்கே அனுப்புகிறது. அதற்காகத்தான் குடலில் விஷத்தைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும் கரித்தூளை ஒரு தடவையோடு விடாமல் திரும்பத் திரும்பப் புகட்டுவது. சிறுநீரகம் வடிகட்டிச் சிறுநீர்ப்பைக்கு அனுப்பினாலும் இதே கதை, பையின் சுவர் வழியாகவே கொஞ்சம் உள்ளே திரும்பிவிடும். வாசல் வரை போன விருந்தாளி செருப்பைப் போடுவதற்குள் மறுபடி கூடத்தில் வந்து உட்கார்வது மாதிரி. பை காலியாக இருந்தால் திரும்பி வர வழியில்லை, அதனால்தான் அந்த நள்ளிரவு நடை.

சரி, உங்கள் நாய்க்கு வருவோம். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் தியோபுரோமின் உள்ளே போனால் தொந்தரவு தொடங்கும், 60-ஐத் தொட்டால் வலிப்பு பயம். மில்க் சாக்லேட்டில் கிராமுக்கு 2 மில்லிகிராம் அளவில் இருக்கும், டார்க்கில் 5, கேக்குக்குப் போடும் இனிப்பில்லாத சாக்லேட்டில் 14-க்கு மேல். நீங்கள் சொன்ன இரண்டும் சேர்ந்து 35 கிராம் என்றால் 70 மில்லிகிராம், கிலோவுக்கு இரண்டரைகூட வராது. அவர்கள் ஏன் பதறவில்லை என்று புரிகிறதா?

'ஆரோக்கியமாக' இருக்கட்டும் என்று சிலர் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் குட்டி உலர்திராட்சைப் பெட்டிதான் இன்னும் மோசம், சில நாய்களின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-இல்தான் தெரியவந்தது, அதுவும் விலங்கு நச்சு உதவி மையத்துக்கு வந்த போன் அழைப்புகளைக் கூர்ந்து பார்த்த மருத்துவர்களால். ஆய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இந்த மாதிரி சாதாரணப் பதிவேடுகளையும் கொஞ்சம் கண்டுகொள்ளலாம்.

பூனைக்கு இந்த ஆபத்து குறைவு. இனிப்பை உணரும் ஒரு மரபணு அதற்கு வேலை செய்வதில்லை, சாக்லேட் அதற்கு வெறும் மண்கட்டி. பூனை கறுப்பாக இருந்தால் கெட்ட சகுனம் என்று அமெரிக்காவிலும் நம்புகிறார்கள். நிறமி மரபணு ஒன்றில் சில டி.என்.ஏ. எழுத்துகள் விட்டுப்போனதற்கு இத்தனை பழி.

அடுத்த வருடம் வாசல் மணி அடிக்கத் தொடங்குமுன் நாயைப் பின்னறையில் விட்டு, ரேடியோவைப் போட்டு, கதவைச் சாத்திவிடுங்கள். முகமூடி போட்ட குட்டிப் பேய்கள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்தால் எந்த நாய்க்கும் நிம்மதி இருக்காது, திறந்த கதவு வழியே ஓட்டமெடுக்கவும் செய்யும்.

அப்புறம் அந்த உறை. வெளியே வந்துவிட்டதா என்று இரண்டு நாள் பாருங்கள். வராமல், சாப்பாட்டைத் தொடாமல் வாந்தியும் எடுத்தால் உடனே மறுபடி போன் செய்யுங்கள்.